பழைய பிக்கப்புக்கு மைலேஜ் திடீரென்று விழுந்தால் எங்கே தேடுவது?

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. 2012 மாடல் பொலேரோ பிக்கப், இரண்டு கை மாறி அவரிடம் வந்தது. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூர் மண்டிக்குப் போகிறார். மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிறார். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, நாலு மாதம் முன்பு எஃப்சி (ஆர்டிஓ தகுதிச் சான்று) முடித்து வந்ததில் இருந்து எட்டரை, ஒன்பதைத் தாண்டுவதில்லை. ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது. பட்டறையில் "இன்ஜின் போச்சுப்பா, இறக்கிடலாம்" என்று, கழற்றிப் பிரித்துப் புதுப்பிக்க எழுபதாயிரம் சொல்லியிருக்கிறார்கள். இறக்கட்டுமா, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா என்கிறார்.

தம்பி, இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "எஃப்சி முடித்து வந்ததில் இருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை உங்கள் மெக்கானிக் காதில் போட்டுக்கொண்டாரா? இன்ஜின் தேய்வது வருஷக் கணக்கில் நடக்கிற காரியம். ரிங் தேய்ந்து, லைனர் தேய்ந்து, மைலேஜ் 12 என்பது பதினொன்றரை ஆகும், அப்புறம் 11 ஆகும். கூடவே ஆயில் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். ஒரே வாரத்தில் மூன்று கிலோமீட்டர் விழுகிறது என்றால் யாரோ எதையோ இறுக்கியிருக்கிறார்கள், இல்லை எதையோ கழற்றியிருக்கிறார்கள்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு பம்ப் நாசில் பட்டறையில், அதாவது டீசல் பம்ப்பையும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் சரிசெய்கிற இடத்தில், பன்னிரண்டு வருஷம் இருந்தவன். பிறகு சொந்தமாகப் பிக்கப் வாங்கி ஓட்டினேன். மைலேஜ் இல்லை என்று நாசிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற பல பேருக்கு நாசிலில் ஒன்றும் இருக்காது. வேலை தெரிந்தவன் என்பதாலேயே இன்ஜினைக் கடைசியில் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. போக வர 220 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12 கொடுத்தால் 18 லிட்டர் சொச்சம், எட்டே முக்கால் கொடுத்தால் 25 லிட்டர். ஒரு நடைக்கு ஏறக்குறைய 7 லிட்டர் கூடுதல். லிட்டர் 93 ரூபாய் என்று போட்டால் 630 ரூபாய்க்கு மேல், மாதம் 25 நடைக்குக் கிட்டத்தட்ட 16,000. வண்டித் தவணையே அவ்வளவுதான் வரும். நீங்கள் பதறுவதில் தப்பில்லை. ஆனால் பதற்றத்தில் இன்ஜினை இறக்கினால் எழுபதாயிரம் போனபிறகும் அந்த 16,000 போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எட்டரை என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டீசல் முள்ளைப் பார்த்தா, ஆயிரம் ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு ஓடியது என்று பார்த்தா? இரண்டும் உதவாது. டேங்க் ஃபுல் பண்ணுங்கள். அதே பங்க், முடிந்தால் அதே குழாய், வண்டி சமமான இடத்தில் நிற்கட்டும். குழாய் தானாக முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள், மேலே மேலே சொட்டுவிட வேண்டாம். மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால்தான் அது எண். ஒரு தடவை எடுத்தது வெறும் யூகம்.

இதில் நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி கடல்மட்டத்தில் இருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் சுமார் 900 மீட்டர். லோடோடு 3 டன் இருக்கிற வண்டியை 400 மீட்டர் மேலே தூக்க மட்டுமே ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் வேண்டும், வேகம், காற்று, உருளல் எல்லாம் அது போக. அதனால் போகும்போது அளந்தால் அடிவயிறு கலங்கும், காலி வண்டியாகத் திரும்பும்போது அளந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். போக வர முழு நடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதேபோல விலை குறைவு என்று கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி பக்கம் பாதி, இங்கே பாதி என்று போடுகிறவராக இருந்தால், அளக்கிற ஒரு வாரம் மட்டும் அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

பங்க்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டாம். முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால்தான் புகார். அதுவும் அரை சதவீதச் சமாச்சாரம்தான். உங்கள் மூன்று கிலோமீட்டரைப் பங்க்காரர் தின்றிருக்க முடியாது.

மீட்டரையும் ஒரு கை பாருங்கள். நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல்லை வைத்து பத்து கிலோமீட்டர் ஓட்டினால் தெரிந்துவிடும். டயர் மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பழையதைவிடக் கொஞ்சம் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், மைலேஜ் விழுந்தது மாதிரி கணக்கு வரும். வண்டி மேல் தப்பே இருக்காது.

சரி, இப்போது எஃப்சி. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் பட்டறையில் என்ன செய்வார்கள்? பெயின்ட் அடிப்பார்கள், ரிஃப்ளெக்டர் ஒட்டுவார்கள், பிரேக்கை இறுக்குவார்கள். அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கிவிடுவார்கள். கேபிள் தேய்ந்த ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். பிரேக் லைனிங், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, வண்டி கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரி மட்டும் தோன்றும். உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

என் கதையும் இதுவே. நாசில் வேலை தெரிந்தவன் என்ற திமிரில், என் வண்டிக்கு மைலேஜ் விழுந்தபோது நாலு நாசிலையும் இறக்கி டெஸ்ட் அடித்தேன். எல்லாம் சுத்தம். டைமிங் பார்த்தேன், சரி. ஃபில்டர் மாற்றினேன். இரண்டு மாதம் அலைந்தேன். ஒரு நாள் காரிமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். கூட வந்த பையன் பக்கெட்டில் இருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். மூன்று சக்கரத்தில் சத்தமே இல்லை. பின்பக்க வலது சக்கரத்தில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சுர்ர்' என்றது. லைனிங்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் துருப்பிடித்து, பிடித்த லைனிங் திரும்பி வராமல் நின்றிருந்தது. அந்தச் சிலிண்டரின் விலை நான் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்கள்.

நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் டிரம் விரிசல் விடலாம். இப்படிச் செய்யுங்கள். சமதள ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், கூடுமானவரை பிரேக் போடாமல். கடைசியில் ஆக்சிலரேட்டரை விட்டு வண்டியைத் தானாகவே மெதுவாக நிற்க விடுங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கர நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். தொடக்கூடாது, கிட்டே போனாலே போதும். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் நல்லது. ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஆள் அகப்பட்டான். பின் இரண்டும் சேர்ந்து சூடாக இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிள். நாலும் சூடு என்றால் பிரேக் பெடலில் கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் இறுக்கியிருக்கிறார்கள், மாஸ்டர் சிலிண்டரில் இருந்து பிரஷர் இறங்க வழியில்லாமல் நிற்கிறது. முன்பக்கம் டிஸ்க் என்றால் கேலிப்பர் பிஸ்டனையும், அது நகர்கிற பின்னையும் பாருங்கள். மழையிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டியில் அந்தப் பின் ஒட்டிக்கொள்வது சாதாரணம். சந்தேகம் தீரவில்லை என்றால் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். வீல் பேரிங் அதிக இறுக்கமா என்பதும் அப்போதே தெரியும்.

டயர் காற்று பற்றிச் சொன்னால் எல்லோரும் "அது தெரியும்ணே" என்பார்கள். தெரியும், ஆனால் பார்ப்பதில்லை. லோடு அடிக்கிற நாளில் பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலோ கதவோர ஸ்டிக்கரிலோ இருக்கும். காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இரண்டு எண் போட்டிருக்கும். பஞ்சர் கடைக்காரர் கணக்கில் எல்லா வண்டிக்கும் ஒரே எண். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓசூர் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால் சூட்டில் காற்று விரிந்து அதிகம் காட்டும். அதைக் குறைக்கிறேன் என்று இறக்கிவிடுவீர்கள், மறுநாள் காலை டயர் தொய்ந்திருக்கும். ஒரு நல்ல கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.

அலைன்மென்ட்டுக்குக் கருவி வேண்டாம், கை போதும். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே இருந்து வெளியே ஒரு தடவை, வெளியே இருந்து உள்ளே ஒரு தடவை தேயுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் பட்டால் சக்கரம் நேராக உருளவில்லை, ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போகிறது. அலைன்மென்ட் காசு சில நூறுதான். டயர் ஆயுளில் வந்துவிடும். இன்னொன்று, லோடு தாங்கும் என்று நைலான் டயர் போடுகிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. கல்குவாரி மண்பாதையில் ஓடுகிறவருக்கு அது சரி. நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற உங்களுக்கு ரேடியல்தான், உருளுவதற்கு இழுவை குறைவு.

இப்போது அந்தக் கரும்புகை. டீசல் வண்டியில் கறுப்பு என்றால் எரிகிற அளவுக்குக் காற்று இல்லை, அல்லது காற்றுக்கு மீறி டீசல் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, இல்லை ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. உங்களுக்குக் கறுப்பு. இன்ஜின் இறக்குவதற்கு அது அடையாளம் இல்லை என்பதே பாதி நிம்மதி.

காற்று ஃபில்டரை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கிரானைட் லாரிகளும் ஜல்லி டிப்பர்களும் ஓடுகிற ரோட்டில் ஓட்டினால் ஆறு மாதம் வர வேண்டிய ஃபில்டர் மூன்று மாதத்தில் மூச்சடைத்துவிடும். காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளே இருந்து வெளியே அடிக்க வேண்டும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அப்புறம் தூசி நேராக இன்ஜினுக்குள். அது மைலேஜைவிடப் பெரிய செலவு.

ஃபில்டர் சரி என்றால், அடுத்தது காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவில் இருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஓஸ். பத்துப் பன்னிரண்டு வருஷ ரப்பர் அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஏற்றத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம், வண்டி வேகம் எடுக்காது, புகை கறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஓஸ்தான். கிளாம்ப் இருக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவரை ஆக்சிலரேட்டர் அழுத்தச் சொல்லிப் பார்த்தால் குமிழி விடும்.

பொலேரோ பிக்கப்பில் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியும் உண்டு, கம்ப்யூட்டர் டீசல் அளவைப் பார்த்துக்கொள்கிற காமன் ரெயில் வண்டியும் உண்டு. உங்களுடையது எது என்று நீங்கள் சொல்லவில்லை. மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பம்ப்பின் மேல் டீசல் அளவு ஸ்க்ரூவுக்குக் கம்பி கோத்து ஈய சீல் வைத்திருப்பார்கள். சீல் இருக்கிறதா? இரண்டு கை மாறிய வண்டி. வண்டி சட்டென்று வேகம் எடுக்க வேண்டும் என்று முன்னால் வைத்திருந்தவர் ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கலாம், எஃப்சி புகை டெஸ்ட்டுக்காகக் குறைத்துவிட்டு, முடிந்ததும் பழைய இடம் தெரியாமல் அதிகமாகவே திருப்பியிருக்கலாம். காதால் கேட்டு ஸ்க்ரூ திருப்புகிற மேதைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பம்ப்பைக் கழற்றி, டீசல் அளவைச் சரிபார்க்கிற கலிபரேஷன் பெஞ்சில் ஏற்றினால்தான் அது சரியாகும். காமன் ரெயில் என்றால் ஸ்கேனர் போட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி விடுகிற டீசலை பாட்டிலில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நாலில் ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் விட்டால் அது போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், நாலையும் மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். காமன் ரெயிலில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றாலும் இதே கரும்புகைதான் வரும்.

நம்ம பக்கத்து மெக்கானிக்குகள் நிறைய பேரோடு எனக்கு நெடுநாள் சண்டை ஒன்று உண்டு. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு. வண்டி சூடேறுகிறது என்று போனால் முதல் வேலையாக அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, "இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்பார்கள். சூடு இறங்கிவிடும், ஓனருக்குச் சந்தோஷம். ஆனால் டீசல் இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் டீசலை முழுசாக எரிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், விடியற்காலை இரண்டு மணிக்கு ராயக்கோட்டை ஏற்றத்தில் மார்கழிக் குளிரில் போகும்போது அரைகுறைச் சூட்டிலேயே வேலை செய்யும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், உராய்வு அதிகம். காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டர் "இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நம்பிக்கொண்டு அதற்குத் தகுந்த மாதிரி டீசல் விடும். தக்காளி லோடு எல்லாம் ராத்திரி வண்டிதானே, உங்களுக்கு இது ரொம்பவே அடிக்கும்.

சோதிப்பது சுலபம். காலையில் ஜில்லென்று இருக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு மேலே போகிற ஓஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வண்டியில் ஓஸ் ரொம்ப நேரம் குளிர்ந்தே இருந்துவிட்டு, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் உள்ளே வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. புது வால்வு சில நூறு ரூபாய்.

வால்வைத் திரும்பப் போட்டதும் வண்டி சூடேறினால், அப்போதுதான் உண்மையான நோய் வெளியே வருகிறது: ரேடியேட்டர் அடைப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம்ம இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் கறை பிடிக்கிறது என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லைக் கெடுப்பது ஃப்ளோரைடு, ரேடியேட்டரை அடைப்பது சுண்ணாம்பு. ஆள் வேறு, ஆனால் இரண்டும் அதே போரில் இருந்துதான் வருகின்றன. ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, அப்புறம் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். ரோட்டோரக் குழாயில் பாட்டிலைப் பிடித்து ஊற்றுகிற பழக்கத்தை அன்றோடு விடுங்கள். ஃபேனில், சூட்டுக்குத் தகுந்த மாதிரி அதைச் சுற்றவிடுகிற விஸ்கஸ் கப்ளிங் இருந்தால் அது இறுகிப் போயிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாகாத நேரத்திலும் லாரி மாதிரி ஃபேன் இரைந்தால் அது இறுகிவிட்டது, சும்மாவே பவரைத் தின்கிறது.

கிளட்ச் பற்றி இரண்டே வரி. நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்னாலேயே வந்தால் பிளேட் நழுவுகிறது. பெடல் மேல் எப்போதும் இடது காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரா நீங்கள்? அப்படி என்றால் காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

லோடு. ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு மைலேஜ் கேட்பது நியாயம் இல்லை, அதை விடுங்கள். நான் சொல்ல வருவது உயரம். தக்காளிக் கிரேட்டைக் கேபினுக்கு மேல் இரண்டு அடுக்கு தூக்கி அடுக்குகிறோம், தார்ப்பாயை மேலே போட்டு இரண்டு கயிறு கட்டுகிறோம். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே பெங்களூர் வரை வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து ஏறாது, அதன் வர்க்கமாக ஏறும். 60-ல் போவதைவிட 80-ல் போகும்போது காற்று ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் தள்ளும். கேபின் உயரத்துக்குள் அடுக்கி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, 55, 60-ல் போய்ப் பாருங்கள். ஓசூரில் இருந்து பெங்களூர் வரைக்கும் எத்தனை நிமிஷம் லேட் ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப் போகிறோம். ஏலத்துக்கு நேரம் ஆகிறது என்பீர்கள், அதற்கு அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். எனக்கும் அது முடிந்ததில்லை, தக்காளி பறித்து வருகிற நேரம் நம் கையிலா இருக்கிறது?

மாங்காய் சீசனில் ஃபேக்டரி வாசலில் வரிசை நிற்கும்போது, பத்து அடிக்கு ஒரு தடவை நகர வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டே உட்கார்ந்திருப்பார்கள். இந்த அளவு இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ராத்திரி முழுக்க நின்றால் நாலைந்து லிட்டர் போய்விடும், அது அப்படியே மைலேஜ் கணக்கில் விழும். பேட்டரி நன்றாக இருந்தால் அணைத்து அணைத்துப் போடுங்கள்.

சேலம் பக்கம் லோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த இறக்கத்தில் இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை வண்டி போய் மோதியிருக்கிறது என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். உயிர் ஒரு பக்கம் இருக்கட்டும், டீசல் கணக்கிலேயே அது தப்பு. கியரில் விட்டு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது. காமன் ரெயிலில் கம்ப்யூட்டர் நிறுத்தும், பழைய பம்ப்பில் கவர்னர் நிறுத்தும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நிற்காமல் இருக்க டீசல் குடித்தே ஆக வேண்டும். ஆக, கியரில் இறங்கினால் செலவு சுத்தமாக இல்லை, நியூட்ரலில் இறங்கினால் செலவு உண்டு. இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற புத்திசாலிகளும் உண்டு. பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தடவை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் போகும்.

டீசல் பைப்பில் காந்தம் கட்டுவது, டேங்கில் மாத்திரை போடுவது, மைலேஜ் கிட் என்று விற்பது எதற்கும் காசு கொடுக்காதீர்கள். பட்டறையில் இருந்தபோது எல்லாவற்றையும் மாட்டியும் பார்த்தாயிற்று, கழற்றியும் பார்த்தாயிற்று. டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் திருகை வாரம் ஒரு தடவை திறந்துவிடுவது அதைவிட மேல்.

இவ்வளவும் பார்த்தபிறகும் எண் மாறவில்லை என்றால் அப்போது இன்ஜினுக்கு வருவோம். சூடான இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி தடதடவென்று துள்ளி, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள், வெளியே கசிவு இருக்கிறதா என்று எழுதிவையுங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் அளக்கச் சொல்லி அந்த நாலு எண்ணையும் தாளில் வாங்குங்கள். கேஜ் வைக்காமலே இன்ஜின் போச்சு என்று சொன்னவரிடம் இறக்கக் கொடுக்காதீர்கள். நாலும் ஒட்டி ஒட்டி இருந்தால் டேப்பட் சரிசெய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ரொம்பக் கீழே இருந்தால் ஹெட்டைத் திறந்து வால்வு பார்க்கலாம், முழு இன்ஜினையும் இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாலும் விழுந்திருந்தால் அவர் சொன்னது சரி. அப்போது எழுபதாயிரமா, வேறு வண்டியா என்று பேசுவோம்.

நாளைக் காலை வண்டி எடுக்கும்போது ரேடியேட்டர் ஓஸைத் தொட்டுப் பாருங்கள், திரும்பி வந்ததும் நாலு சக்கரத்துச் சூட்டையும் பாருங்கள். இந்த இரண்டுக்கும் காசு வேண்டாம். சூடு எந்தச் சக்கரத்தில், பம்ப் மெக்கானிக்கலா காமன் ரெயிலா, சீல் இருக்கிறதா என்று எழுதுங்கள். எஃப்சிக்கு முன் பட்டறையில் என்னென்ன செய்தார்கள் என்று பில் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.